தென்னாப்பிரிக்காவுக்கு ஆய்வாளராக வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, விசாவில் எழுதியிருக்கும் பிரிவு எண்

கேள்வி இதுதான். திருச்சியில் வேதியியலில் முனைவர் பட்டம் முடித்த ஒருவருக்கு டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு இடம், கிடைத்திருக்கிறது. மனைவியும் நான்கு வயது மகளும் உடன் வர வேண்டும். இரண்டு வருடம் கழித்து விரிவுரையாளர் வேலை கிடைத்தால் இங்கேயே நிரந்தரமாகத் தங்க முடியுமா, அதற்கு இப்போதே என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் இங்கே கழிக்கும் எல்லா வருடமும் நிரந்தரக் குடியிருப்புக் கணக்கில் சேராது. எந்த விசாவில் உள்ளே வருகிறீர்களோ, அதை வைத்துத்தான் அந்த வருடங்கள் கணக்கில் வருமா வராதா என்பது முடிவாகிறது. போஸ்ட்டாக் வருகிற பலர் இதைக் கவனிப்பதில்லை. மூன்று வருடம் உழைத்து, பத்து கட்டுரை வெளியிட்டு, பிறகு பி.ஆர். எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போதுதான் கையில் இருப்பது பூஜ்யம் என்று தெரிகிறது.

தென்னாப்பிரிக்காவின் குடிவரவுச் சட்டம் 2002-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சட்டம். அதன் கீழ் உள்ள விதிமுறைகள் 2014 மே மாதம் வந்தவை. 2024-இல் பெரிய திருத்தம் நடந்தது. விசா ஸ்டிக்கரில் இந்தச் சட்டத்தின் பிரிவு எண் இருக்கும். ஆய்வாளர்களுக்குப் பொருந்தும் எண்கள் நாலைந்துதான்.

போஸ்ட்டாக்குகளுக்கு அதிகம் கிடைப்பது 11(1)(b)(iii). பெயரைக் கேட்டால் ஆராய்ச்சி விசா மாதிரி இருக்கும். சட்டப்படி அது விசிட்டர் விசாவின் ஒரு வகை. மூன்று வருடம் வரை தரலாம். அதே பிரிவில் (i) என்பது சபாட்டிக்கல் என்ற ஆய்வு விடுப்பில் வரும் பேராசிரியர்களுக்கு. வருகைப் பேராசிரியர், வருகை விரிவுரையாளர் என்று வருகிறவர்கள் (iv)-இல் அடங்குவார்கள். மூன்று மாதத்துக்குள் முடிகிற பணி என்றால் 11(2) போதும். இரு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் போட்டு ஆள் அனுப்பும் திட்டங்களுக்கு 22-ஆம் பிரிவின் பரிமாற்ற விசா உண்டு. முழுநேர மாணவருக்கு 13-ஆம் பிரிவு. வேலை விசாக்கள் எல்லாம் 19-ஆம் பிரிவில் இருக்கின்றன: 19(2) பொது வேலை விசா, 19(4) கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசா, அதாவது நாட்டுக்கு அவசியம் என்று அரசு பட்டியலிட்ட தொழில்களுக்கானது. இந்த 19(4)-ஐ ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தரலாம்.

இப்போது 26(a)-ஐப் பாருங்கள். ஐந்து வருடம் வேலை விசா வைத்திருந்து, கையில் நிரந்தர வேலைக்கான உத்தரவும் இருப்பவருக்கு நிரந்தரக் குடியிருப்பு தரும் பிரிவு அது. வேலை விசா என்றால் 19-ஆம் பிரிவு. 11-இல் கழித்த வருடம் இதில் சேராது, 13-இல் படித்த வருடமும் சேராது. இங்கேயே பி.எச்.டி. படித்து, போஸ்ட்டாக் செய்து, ஏழு வருடம் டர்பனில் இருந்தவருக்கும் முதல் வேலை விசா ஒட்டப்படும் நாளில்தான் கணக்கு தொடங்குகிறது.

அப்படியானால் போஸ்ட்டாக்குக்கே 19(4) வாங்கிவிடலாமே என்று தோன்றும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது ஏன் பெரும்பாலும் நடப்பதில்லை என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். இங்கே பெரும்பாலான போஸ்ட்டாக் இடங்கள் ஃபெல்லோஷிப்தான், வேலை இல்லை. மாதாமாதம் வருவது ஊக்கத்தொகை. அதில் வருமான வரி பிடிப்பதில்லை, சம்பளச் சீட்டு கிடையாது, வேலையின்மைக் காப்பீட்டுப் பிடித்தமும் கிடையாது. வரி இல்லாதது மாதச் செலவுக்கு நல்லதுதான். ஆனால் அதே காரணத்தால் உங்களிடம் இருப்பது பணி ஒப்பந்தம் ஆகாது; வேலை விசாவுக்கோ பணி ஒப்பந்தம் வேண்டும். ஆகவே ஏற்பு மெயில் அனுப்பும் முன்பே பல்கலைக்கழகத்தின் ஹெச்.ஆர். பிரிவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஃபெல்லோஷிப் கடிதமா, குறிப்பிட்ட கால ஆராய்ச்சி அதிகாரி ஒப்பந்தமா? சில ஆய்வுக் குழுக்கள் திட்ட நிதியிலிருந்து ஆராய்ச்சி அதிகாரி, ஆராய்ச்சி விஞ்ஞானி என்ற பெயரில் முறையான ஒப்பந்தம் தருவது உண்டு. கையில் வருகிற பணம் வரி போகக் கொஞ்சம் குறையலாம். நிரந்தரமாகத் தங்குவதுதான் குறிக்கோள் என்றால் அந்த ஒப்பந்தமே மேல்.

ஃபெல்லோஷிப்தான் என்றால் 11(1)(b)(iii)-இல் வாருங்கள், தவறில்லை. ஆனால் அதோடு வரும் கட்டுப்பாட்டைத் தெரிந்துகொண்டு வாருங்கள். 10(6)(b) பிரிவின்படி, விசிட்டர் விசா வைத்திருப்பவர் இந்த நாட்டுக்குள் இருந்துகொண்டு வேறு விசாவுக்கு மாற முடியாது. விதிவிலக்குகள் மிகச் சில. மாணவர் விசாவில் இருப்பவர் டர்பனில் விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்துக்குப் போய் டி.எச்.ஏ.-1739 படிவம் கொடுத்து வேலை விசாவுக்கு மாறலாம். உங்களால் அது முடியாது. இரண்டு வருடம் கழித்து விரிவுரையாளர் வேலை கிடைத்தால், ஊருக்குப் போய் டி.எச்.ஏ.-1738 படிவத்தில் புதிதாக விண்ணப்பித்து, விசா வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். சென்னையில் வி.எஃப்.எஸ். மையத்தில் கொடுத்தாலும் முடிவு எடுப்பது தென்னாப்பிரிக்கத் தூதரகம்தான். அதற்கான மாதங்களைப் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் வகுப்பு தொடங்க வேண்டும், விசா வரவில்லை என்ற நிலை வந்தால் துறைத் தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த இடம் காத்திருக்காது.

குடும்பத்தின் விஷயத்திலும் இதே முடிச்சு இருக்கிறது. மனைவிக்கும் மகளுக்கும் உடன் வருவோருக்கான விசிட்டர் விசா கிடைக்கும். அதில் மனைவி வேலை பார்க்க முடியாது. மகள் பள்ளியில் சேர 13-ஆம் பிரிவு விசா வேண்டும். வேலை விசா அல்லது வணிக விசா வைத்திருப்பவரின் மனைவியும் குழந்தையும் உள்நாட்டிலேயே படிப்பு விசாவுக்கோ வேலை விசாவுக்கோ மாற விதிமுறையில் விலக்கு உண்டு. ஆனால் நீங்கள் விசிட்டர் விசாவில் இருந்தால் அந்த விலக்கு உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. நான்கு வயதுக் குழந்தை என்றால் இரண்டு வருடத்துக்குள் பள்ளி வயது வந்துவிடும். ஆகவே இங்கே ஒரு பள்ளியின் சேர்க்கைக் கடிதத்தை முன்பே வாங்கி, மகளின் படிப்பு விசாவை இந்தியாவிலிருந்தே எடுத்து வருவது நல்லது. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்காக மட்டுமே ஒரு முறை ஊருக்குப் பறக்க வேண்டிவரும்.

அடுத்து விரிவுரையாளர் வேலை. அப்போது 19(4)-ஆ, 19(2)-ஆ?

கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியல் 2014-இல் வந்தது. 2022 பிப்ரவரியில் புதிதாக எழுதப்பட்டது, அதே ஆண்டு ஆகஸ்டிலும் 2023 அக்டோபரிலும் திருத்தப்பட்டது. நண்பர் அனுப்பிய பழைய பி.டி.எஃப்.பை வைத்து முடிவெடுக்காதீர்கள்; அரசிதழில் கடைசியாக வந்ததைப் பாருங்கள். அதில் தொழிலின் பெயர், தொழில் குறியீட்டு எண், தேவையான கல்வி நிலை எல்லாம் இருக்கும். உங்கள் பணி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பதவிப் பெயரும் வேலை விவரமும் அந்த வரியோடு பொருந்த வேண்டும். இதில்தான் பல விண்ணப்பங்கள் விழுகின்றன. பட்டியலில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் வேறொரு பெயர், தொழில்முறை அமைப்பின் கடிதத்தில் மூன்றாவது ஒரு பெயர் இருந்தால், மூன்றும் ஒரே வேலைதான் என்று விளக்க அதிகாரி முன் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பட்டியலின் அந்த வரியை ஹெச்.ஆர். பிரிவுக்கு அனுப்பி, அதே சொற்களில் எழுதச் சொல்லுங்கள்.

பட்டியலில் இடம் இல்லையென்றால் 19(2). அதற்கு 2024 அக்டோபர் முதல் புள்ளி முறை நடக்கிறது. 100 எடுக்க வேண்டும். கல்வி இந்த நாட்டின் தகுதி அளவுகோலான என்.க்யூ.எஃப்.-இல் 9 அல்லது 10 என்றால் 50, 7 அல்லது 8 என்றால் 30. ஆண்டுச் சம்பளம் 9,76,194 ராண்டுக்கு மேல் என்றால் 50. 6,50,976-க்கும் அதற்கும் இடையில் என்றால் 20. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அனுபவம் 5 முதல் 10 வருடம் என்றால் 20, அதற்கு மேல் 30. வேலை தருபவர் அரசின் நம்பகமான வேலைதாரர் திட்டத்தில் இருந்தால் 30. ஆட்சிமொழி ஒன்றில் தேர்ச்சிக்கு 10; ஆங்கிலம் போதும். கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியலில் உள்ள தொழில் என்றால் நேராக 100.

உங்கள் நிலையில் இதைப் போட்டுப் பாருங்கள். முனைவர் பட்டம் 50. விரிவுரையாளர் சம்பளம் ஆண்டுக்கு 6,80,000 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் 20. ஆங்கிலம் 10. பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும் என்பதால் அனுபவத்துக்கு 0. பல்கலைக்கழகம் நம்பகமான வேலைதாரர் திட்டத்தில் இல்லையென்றால் மொத்தம் 80; விழுந்துவிடும். ஆறு வருட அனுபவம் உள்ள ஒருவர் அதே சம்பளத்துக்குச் சரியாக 100 எடுப்பார். பன்னிரண்டு வருட அனுபவம் உள்ள மூத்தவருக்கு 6,20,000 ராண்ட் சம்பளம் என்றால் 50, 30, 10 சேர்ந்து 90-இல் நின்றுவிடும். அவருக்குச் சம்பளத்தில் இன்னும் முப்பத்தோராயிரம் ராண்ட் கூட்டி எழுதினால் 110 ஆகிவிடும். 6,50,976 என்பது மாதத்துக்குச் சுமார் 54,250 ராண்ட். சம்பளப் பேச்சில் இந்த எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் அதைத் தாண்டுகிற மாதிரி பேசுங்கள், ஹெச்.ஆர். பிரிவுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். உங்களைப் போல் பட்டம் முடித்துச் சில வருடமே ஆனவருக்கு, சம்பளம் மேல் எல்லையைத் தாண்டாதவரை, வேலை தருபவரும் அந்த நம்பகமான வேலைதாரர் திட்டத்தில் இல்லாதவரை, இந்தப் புள்ளி முறை கைகொடுக்காது. உங்கள் வழி 19(4)தான்.

19(2), 19(4) எதுவாக இருந்தாலும் சாக்கா மதிப்பீடு வேண்டும். பிரிட்டோரியாவில் உள்ள தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தைத்தான் எல்லாரும் சாக்கா என்கிறார்கள். உங்கள் பட்டம் இந்த நாட்டின் என்.க்யூ.எஃப். அளவில் எந்த நிலை என்று அவர்கள் சான்று தருவார்கள். இளங்கலை 7, ஆனர்ஸ் 8, முதுகலை 9, முனைவர் 10. பட்டம் தந்த பல்கலைக்கழகத்திடம் அவர்கள் சரிபார்ப்பு கேட்பதுண்டு. அங்கே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அந்தக் கடிதம் ஒரு மேசையில் கிடந்தால் இங்கே கோப்பு நகராது. ஊரில் இருக்கும்போதே அந்த அலுவலகத்தில் யார் பதில் அனுப்புவார் என்று கேட்டு வைத்துக்கொண்டால், பிறகு ஒரு போனில் முடிகிற காரியம். புரொவிஷனல் சான்றிதழை நம்பி வராதீர்கள். பட்டமளிப்புச் சான்றிதழை, இளங்கலை முதல் எல்லாவற்றையும், மதிப்பெண் பட்டியல்களோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். இங்கே நாயுடு, கோவேந்தர், பிள்ளை, மூட்லி என்று தலைமுறை தலைமுறையாகக் குடும்பப் பெயர் வைத்திருக்கும் தமிழர்களையே அதிகாரிகள் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். நமக்கோ அப்பா பெயரின் முதல் எழுத்துதான் குடும்பப் பெயர். பட்டத்தில் ‘எஸ். முருகன்’, மதிப்பெண் பட்டியலில் ‘முருகன் எஸ்’, பாஸ்போர்ட்டில் பெயர் இடத்தில் ‘முருகன் சுப்பையா’, குடும்பப் பெயர் இடம் வெற்று. திருமணச் சான்றிதழில் மனைவி பெயருக்கு அவருடைய அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவுக்கு வெறும் ‘எஸ். முருகன்’. இந்தத் தாள்களையெல்லாம் ஒரு மேசையில் வைத்துப் பார்க்கிற அதிகாரிக்கு, இவர்கள் ஒரே குடும்பம் என்பதே தெரியாது. இதைப் புறப்படும் முன் சரிசெய்யுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் ஏற்றுங்கள். ‘எஸ். முருகன், முருகன் எஸ், முருகன் சுப்பையா மூன்றும் ஒருவரே’ என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட் எடுத்து, நாலைந்து மூலப் பிரதிகளாக வைத்துக்கொள்ளுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுதாக இருக்கட்டும். கோயிலில் நடந்த திருமணத்துக்குப் பத்திரிகையும் போட்டோவும் இங்கே செல்லாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ்தான் வேண்டும்.

போலீஸ் சான்றிதழ் விஷயத்தில் விதி இப்படி: 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளிலிருந்து வேண்டும். வேதியியல்காரர்கள் பலர் கொரியா, தைவான் என்று ஒரு போஸ்ட்டாக் முடித்துவிட்டு வருகிறார்கள். அந்த நாட்டுச் சான்றிதழை அங்கிருந்து கிளம்பும் முன் வாங்கியிராவிட்டால், இப்போதே தொடங்குங்கள். சான்றிதழ் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. மருத்துவ அறிக்கைக்கும் அதே ஆறு மாதம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்காமல், தாமதமாகிறதை முதலில் போட்டுவிடுங்கள்: முதலில் சாக்கா, அடுத்து வெளிநாட்டுப் போலீஸ் சான்றிதழ், கடைசியில் மருத்துவர். மருத்துவ அறிக்கையை முதலில் வாங்கிவிட்டு சாக்காவுக்காகக் காத்திருந்தால் அது காலாவதியாகி, மறுபடியும் பணம் கட்டி வாங்க வேண்டும்.

19(4)-க்கு இன்னொரு தாள் வேண்டும்: உங்கள் திறமையையும் பட்டத்துக்குப் பிந்தைய அனுபவத்தையும் உறுதிசெய்து, சாக்கா ஏற்ற தொழில்முறை அமைப்போ சம்பந்தப்பட்ட அரசுத் துறையோ தரும் கடிதம். வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற இயற்கை அறிவியல்களுக்கு சாக்நாஸ்ப் என்ற அமைப்பு இருக்கிறது, பொறியாளர்களுக்கு எக்சா. சாக்நாஸ்ப்பில் போஸ்ட்டாக் காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். விரிவுரையாளர் உத்தரவு வந்த பிறகு அதைத் தொடங்கினால் அதற்கே காத்திருக்க வேண்டிவரும்.

விசா வந்ததும் ஸ்டிக்கரில் கீழே நிபந்தனை என்ற வரியைப் படியுங்கள். எந்த நிறுவனத்தில், எந்தப் பதவியில் வேலை பார்க்கலாம் என்று அங்கே இருக்கும். பெயரிலோ பிரிவு எண்ணிலோ தேதியிலோ பிழை இருந்தால் அன்றைக்கே திருத்தக் கேளுங்கள். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பழைய விசாவோடு போய் வேலையில் சேர முடியாது. நிபந்தனை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

புதுப்பிக்க, விசா முடிவதற்குக் குறைந்தது 60 நாள் முன் விண்ணப்பம் போக வேண்டும். தங்கும் காலம் தாண்டினால் தண்டனை கடுமை. 30 நாளுக்குள் என்றால் 12 மாதம் நுழைவுத் தடை. 24 மாதத்துக்குள் இரண்டாம் முறை அப்படி நடந்தால் இரண்டு வருடம். 30 நாளுக்கு மேல் போனால் ஐந்து வருடம். விமான நிலையத்தில் கிளம்பும்போது தடையை அறிவிக்கும் தாளைக் கையில் கொடுப்பார்கள். அதை எதிர்த்து முறையிட 10 வேலை நாள்தான். விசா மறுக்கப்பட்டாலும் மறுபரிசீலனை கேட்க அதே 10 வேலை நாள். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

இனி நிரந்தரக் குடியிருப்பு. படிவம் டி.எச்.ஏ.-947. ஆய்வாளருக்கு இரண்டு வழி. ஒன்று மேலே சொன்ன 26(a). இதில் நிரந்தர வேலை என்ற சொல்தான் முக்கியம். மூன்று வருட ஒப்பந்தம், ஐந்து வருட ஒப்பந்தம் எல்லாம் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் நிரந்தரம் ஆகாது. ஆகவே விரிவுரையாளர் வேலைக்குப் போகும்போது அது நிரந்தர இடமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மற்றொன்று 27(b), அரிய திறமைக்கானது. இதற்கு இங்கே ஐந்து வருடம் வேலை விசாவில் இருந்திருக்க வேண்டியதில்லை. தகுதிக்குப் பிந்தைய ஐந்து வருட அனுபவத்தையும் திறமையையும் காட்ட வேண்டும். வேறு நாட்டில் வேலை பார்த்த வருடங்களும் உதவும் இடம் இதுதான். கட்டுரைப் பட்டியல், காப்புரிமை, பரிந்துரைக் கடிதங்கள், அமைப்பின் உறுதிக் கடிதம் எல்லாம் வலுவாக இருக்க வேண்டும். பழைய முதலாளிகளிடம் சேர்ந்த தேதி, விட்ட தேதி, செய்த வேலை மூன்றும் எழுதிய கடிதத்தை அவர்கள் அந்த இடத்தில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். ‘நல்ல மனிதர், நல்ல ஆய்வாளர்’ என்ற கடிதத்தால் பயனில்லை.

உங்களுக்கு 26(a)-ஐ விட 27(b) முன்னால் கைகூட வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. போஸ்ட்டாக் காலம் வேலை விசாக் கணக்கில் சேராவிட்டாலும், ஆய்வு அனுபவம் என்று காட்டப் பயன்படும். அதனால் போஸ்ட்டாக் முடியும் அன்றே மேற்பார்வையாளரிடம் விரிவான கடிதம் வாங்காமல் ஆய்வகச் சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

பி.ஆர். விண்ணப்பம் கொடுத்துவிட்டால் தங்க உரிமை வந்துவிட்டது என்று நினைத்து வேலை விசாவைக் காலாவதியாக விட்டவர்கள் உண்டு. நிலுவையில் இருக்கும் பி.ஆர். விண்ணப்பம் உங்களுக்கு எந்த நிலையும் தராது. முடிவு வர வருடக் கணக்கில் ஆகலாம். அதுவரை வேலை விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 21 வயதுக்குக் கீழுள்ள மகள் உங்கள் பி.ஆர்.-ஐ வைத்து 26(c)-இல் விண்ணப்பிக்கலாம். மனைவிக்கு 26(b) உண்டு. அதற்குத் திருமணம் ஆகி ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். பதிவுத் தேதி வாழ்க்கை தொடங்கிய தேதிக்குப் பல வருடம் பிந்தியிருந்தால் இங்கே கேள்வி வரும், கவனம்.

டர்பனில் ஏஜென்ட் ஒருவர் ‘உள்ளே ஆள் இருக்கிறார், கைரேகை வேண்டாம், ஸ்டிக்கரை வீட்டுக்கே கொண்டுவருகிறேன்’ என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர், கோயிலில் பார்த்தவர் என்பதெல்லாம் இதில் சாட்சி இல்லை. விண்ணப்பதாரர் வி.எஃப்.எஸ். மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை கொடுக்காமல் உண்மையான விசா வராது. போலி விசா கையில் இருந்தால் 29-ஆம் பிரிவின்படி நீங்கள் தடைசெய்யப்பட்டவர் ஆகிவிடுவீர்கள். ஏமாற்றப்பட்டது நீங்கள்தான் என்றாலும் அதை நிரூபிக்கும் சுமையும் உங்களுடையதே. நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கக்கூட ஏஜென்ட் வேண்டாம். எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் இலவசமாகச் செய்வார்கள், மூலத்தைக் கையோடு கொண்டுபோனால் போதும்.

பி.ஆர். கிடைத்தபின் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. தென்னாப்பிரிக்கக் குடியுரிமை வாங்கினால்தான் அதை விட வேண்டிவரும். ஆனால் பி.ஆர். வாங்கிவிட்டு மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அதை இழக்க நேரிடும். ஜெர்மனிக்கோ சிங்கப்பூருக்கோ நீண்ட ஆய்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால், நடுவே திரும்பி வந்ததற்கான நுழைவு முத்திரை உள்ள பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.